அடியில் எரிந்த பல்பு

எங்கள் தாளாளருக்கு வாயில்லா ஜீவன்கள் மேல் பிரியம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பிரியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். திருச்சுழிப் பக்கம் கருவேல விறகு ஏற்றப் போன லாரி டிரைவர் ஒருவர், விறகோடு விறகாக வந்து சேர்ந்த நட்சத்திர ஆமை ஒன்றைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனார். அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அது ஏதாவது ஒரு முள்காட்டில் நிம்மதியாக மேய்ந்திருக்கும்.

அடைமழைக் காலத்தில் அது தின்னாமல், மூக்கு ஒழுகி, ஓட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. மதுரையில் ஒரு கால்நடை மருத்துவரைப் போய்க் கேட்டேன். கதகதப்பு வேண்டும், ஆனால் தொட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் போதும் என்றார். மறுபாதி குளிர்ச்சியாக இருந்தால், போதுமான சூடு கிடைத்ததும் அதுவே நகர்ந்துகொள்ளுமாம். கண்ணாடித் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றினேன். அதன் தகர அடிப்பாகத்துக்குக் கீழே, ஓர் ஓரமாக, தகரத்தில் படாமல் நாற்பது வாட் பல்பு ஒன்றை வைத்தேன். உள்ளே மண்ணில் லேப் தெர்மாமீட்டரைச் செருகினேன். உள்ளங்கையை வைத்தால் இதமாக இருக்கும், சுடாது. மாலையில் கிளம்பும்போது அணைத்துவிடுவேன். ஒரு வாரத்தில் ஆமை கீரைத்தண்டைக் கடித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தாளாளருக்குத்தான் திருப்தி இல்லை. விசைத்தறிகள் ஓடும் ஊர். கரண்ட்டையெல்லாம் அவை குடித்தது போக மிச்சத்தில்தான் எங்கள் பல்புகள் எரியும்.

"என்ன டீச்சர், பீடி நெருப்பு கணக்கா எரியுது. இதுல என்னத்த சூடு ஏறும்?" என்றார்.

பொங்கல் லீவு முடிந்ததும் ஆண்டு விழா. வருகிற பெரிய மனிதர்கள் முன்னால் ஆமை சுறுசுறுப்பாக நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"இது போதும் சார். வெயிலுக்குப் பயந்தா அது மண்ணத் தோண்டி உள்ள போகும். அடியில சூட்டக் கூட்டுனா, தோண்டத் தோண்ட அதுக்குச் சூடுதான்" என்றேன்.

தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

லீவுக்கு முதல் நாள் மாலை பல்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிறகு நடந்ததை வாட்ச்மேன் சொல்லித்தான் அறிந்தேன்.

"அவுகதான் டீச்சர் வந்து இருநூறு வாட் பல்ப நடுவுல மாட்டச் சொன்னாக. லீவு முடியற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னுட்டுப் போனாக."

மாட்டும்போது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய பல்பும் மங்கலாகத்தான் எரிந்திருக்கும். மறுநாள் பொங்கலுக்கு ஊரே தறியை நிறுத்தியது. கரண்ட் முழுசாக வந்தது. தாளாளர் நூல் வியாபாரக் குடும்பம். தறி நின்றால் விளக்கு பளிச்சென்று எரியும் என்பது அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும்.

லீவு முடிந்து போனபோது மண்ணுக்கு மேல் ஆமையைக் காணோம். கையால் தோண்டினேன். தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. குளிர்ச்சியைத் தேடித் தேடி நெருப்பிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"நம்மூரு வெயில்ல கெடந்ததுக்கு இந்தச் சூடு தாங்கலையே" என்றார் தாளாளர். அவ்வளவுதான் அவர் பேசியது.

பிறகு ஓட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி, மேல்பக்கம் வார்னிஷ் அடித்து, தன் மேஜையில் வைத்துக்கொண்டார். மறு வருடம் வேலையை விடுவதாகச் சொல்ல அவர் அறைக்குப் போனேன். பிள்ளையைச் சேர்க்க வந்திருந்த கணவனும் மனைவியும் அந்த ஓட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆசையா வளத்தோம். குளிரு தாங்காமப் போயிருச்சு" என்று அவர் அவர்களிடம் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓட்டை எடுத்து அவர்கள் முன்னால் மல்லாத்தி வைத்தேன். அடிப்பக்கம் முழுவதும் கருகிப்போயிருந்தது. அந்த அம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நேரா வைங்க டீச்சர்" என்றார் தாளாளர்.

வைக்காமல் வந்துவிட்டேன்.