சுவருக்கு அந்தப் பக்கத்துக் கயிறு

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறந்தாலே பாதிப் பொய் என்று என் மனைவியே சொல்வாள். ஆனால் இது கேட்ட கதை இல்லை. என் உடம்புக்கு நடந்தது. இடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

எல்லாம் என் வாயால் வந்த வினை. நான் பம்ப் ரிப்பேர் செய்கிறவன். அன்று கீழ்வீட்டுக் கிணற்றிலிருந்து பைப்பைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்த துண்டைக் கழற்றும் முன், அடியில் இருப்பதற்குக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு ஜோக் சொல்லும் மும்முரத்தில் இறுக்க மறந்தேன். கழற்றினேன். மிச்சப் பைப் முழுவதும் சர்ரென்று போய்... தொபுக்!

அவர் ஜோக்குக்கும் சிரிக்கவில்லை, இதற்கும் சிரிக்கவில்லை.

"எறங்கு. எறங்கி, விழுந்த பைப்புல சங்கிலியை மாட்டு."

"இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிறேன். நீங்க பிடிச்சுக்கிட்டா..."

"எங்க குடும்பத்துல கிணத்துக் கயிறு பிடிக்கிறதில்ல."

"ஏண்ணே?"

"எறங்குன்னா எறங்கு."

கீழ்வீடு, மேல்வீடு பகை அந்த வட்டாரத்தில் கதையாகவே ஆகிவிட்ட பகை. எதனால் என்று கேட்டால் ஒருவர் மாடு என்பார், ஒருவர் பெண் என்பார், மற்றவர்கள் "உன் வேலையைப் பாரு" என்பார்கள். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. அதன் வாய்க்குக் குறுக்கே உத்தரம் போட்டு, அதன் மேல் ஆளுயரச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மேலே இரண்டு கிணறு, உள்ளே போனால் ஒன்றுதான். தண்ணீருக்கு நடுவில் சுவர் கட்டக் கொத்தனார் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மணி ஆறே கால். வெளிச்சம் இன்னும் இருந்தது. கிணற்றுச் சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளைப் பிடித்து இறங்கினேன். பாதியில் ஒரு படி கையோடு வந்துவிட்டது.

விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றை நம்பிப் பிழைக்கிறவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்காதீர்கள், என் மாமியாரும் அதைத்தான் கேட்பார். சாய்ந்து நின்ற பைப் கைக்குக் கிடைத்தது. கட்டிக்கொண்டேன். ஒரே பாசி. வழுக்கியது.

"அண்ணே! அண்ணே!"

விளிம்பில் வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. பார்த்தது. போய்விட்டது.

உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதை நினைப்பது? கை மரத்துக்கொண்டே வந்தது. நான் கதை சொல்லாமல் தூங்காத என் மகளின் முகம் வந்து வந்து போனது.

அப்போது... சரசர... சரசர...

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கயிறு இறங்கி வந்தது. போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"இழுங்கண்ணே! நல்லா இருப்பீங்க!"

கயிறு விறைத்தது. ஒரு முழம் எழுந்தேன். நின்றது.

"எந்த வீடு?"

வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் நசுங்கிய குரல். சோற்றுக்கு நடுவில் எழுந்து வந்துவிட்டார், பாவம் என்று நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் கயிறு வழுக்கி, பழையபடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

"நான் வெளியூருண்ணே! பம்ப் ரிப்பேர்!"

"பொய்."

மறுபடி நழுவியது. தண்ணீர் மார்புக்கு வந்தது.

"சத்தியமாண்ணே! உங்க சண்டைக்கும் எனக்கும் என்ன..."

"கீழ்வீட்டு நாய்."

கழுத்துக்கு வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அது பேசும்போதெல்லாம் கயிறு நழுவுகிறது. பேச வைக்கிறவன் நான். வாயை மூடிக்கொண்டிருப்பது என் பரம்பரையிலேயே கிடையாது. அன்று மூடினேன்.

மேலே மூச்சுச் சத்தம். உர்... உர்...

"அவங்க வீட்ல... கை நனைச்சியா?"

கழுத்துவரை நனைந்து கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வி! தண்ணீர் உதட்டைத் தொட்டது. எக்கிக் கத்தினேன்.

"ஒரு டீ கூடத் தரலண்ணே!"

மேலே மறுபடி உர்... உர்...

பிறகு கயிறு இழுபட்டது.

கை மாற்றிக் கை மாற்றி இழுத்தால் விட்டு விட்டுத்தான் ஏறும். இது நிற்கவே இல்லை. ஒரே இழுப்பு. மேலே காலடிச் சத்தம்... சரக்... சரக்... கிணற்றை விட்டுப் பின்னாலேயே நடந்து போகிறது.

விளிம்பைப் பிடித்தேன்.

ஏறினேன்.

யாரும் இல்லை.

கயிற்றின் மறுநுனி கொஞ்ச தூரத்தில் மண்ணில் கிடந்தது. தண்ணீரையே தொடாத நுனி.

தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

"யார்றா அது? கீழ்வீட்டு ஆளா?"

மேல்வீட்டு மகன், கையில் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இல்லண்ணே, பம்ப்காரன். கயிறு போட்டு என்னைத் தூக்குனது யாரு?"

"என்ன கயிறு?" என்றார். அதைப் பார்த்தார். மண்வெட்டி தாழ்ந்தது. "வெளிய போ."

"யாருன்னு சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு..."

"போய்யா வெளிய!"

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய அம்மாவின் குரல். "அந்தப் பேச்சே எடுக்காதீங்க. அவனை அனுப்புங்க."

தோட்டத்துக் கதவைத் திறந்துவிட மருமகள் வந்தாள். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் நின்றாள்.

"நான் வாக்கப்பட்டு வந்தவ. எனக்கு யாரோடயும் பகை இல்ல. என்ன கேக்கணும்?"

"கயிறு பிடிச்சது யாரும்மா?"

"இவங்க கொள்ளுத் தாத்தா. வேற யாரும் அந்தப் பக்கமே போறதில்ல. ரெண்டு வீடும் ஒண்ணா இருந்தப்போ, கீழ்வீட்டுக்காரர் ஒருத்தர் தூர் வார உள்ள எறங்குனாராம். கயிறு பிடிச்சது இந்தக் கொள்ளுத் தாத்தா. கை வழுக்குச்சோ, வேணும்னுதான் விட்டாரோ... எறங்குனவரு செத்துட்டாரு. அன்னைக்கே அவங்க ஆளுங்க வந்துட்டாங்க."

"வந்து?"

"கயித்தைப் பிடிக்காத கை எதுக்குன்னு, ரெண்டையும் மணிக்கட்டோட வெட்டிப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் உயிரோட இருந்தாராம். எதை எடுக்கணும்னாலும் பல்லாலதான் கவ்வி எடுப்பாராம்ண்ணே."