பிடிமண்ணுக்கு ஓர் இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது, குலசாமி இருந்த இடத்திலிருந்து அம்மா ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்தாள். ஊர் மாறுகிறவர்கள் செய்வதுதான். போகிற இடத்தில் அந்த மண்ணை வைத்தால் சாமியும் அங்கே வந்துவிடும். ஆனால் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து மாதக்கணக்காகியும் முடிச்சு அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. "இங்கயும் நாளைக்கித் தோண்டினா?" என்பாள் அம்மா. சாமி உட்காராமல் தம்பிக்கு முதல் முடி இறக்க முடியாது. அவன் தலை சடை பிடித்துப் புண்ணாகி, சொறிந்து சொறிந்து அழுவான்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், தத்துவம் படித்தவர், ஒரு சாயங்காலம் மைதானத்தில் பேச வந்தார். மைக் செட் கட்டியிருந்ததால் நாங்களும் போனோம். மண்ணெல்லாம் ஒன்றுதான், என் இடம் உன் இடம் என்பதெல்லாம் மனமயக்கம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் அம்மா எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயா, எங்க சாமி மண்ண முடிஞ்சி வெச்சிக்கினு இருக்கறேங்க. எல்லா மண்ணும் ஒண்ணுன்னா அத நான் ஏன் தூக்கியாந்தேன்? ஒண்ணு இல்லன்னா அத எங்க வெக்கறது?"

பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, சாமிக்கும் குவார்ட்டர்ஸ் வேணுமாமா?" என்றார். ஒரே சிரிப்பு.

அம்மா திரும்பி, "வேணுந்தாங்க. அது இன்னும் பர்மனென்ட் ஆவலியே" என்றாள்.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, மைக்கிலேயே, "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவ்வளவு படித்தவருக்கே தெரியவில்லை என்றால் அது தப்புக் கேள்வியாகத்தான் இருக்கும். வீடு வரைக்கும் நான் அம்மாவை விட்டுத் தள்ளியே நடந்தேன்.

மறுநாள் காலையில் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து அப்பா வந்தபோது, கொல்லை முருங்கையடியில் மண் இறங்கியிருந்தது. மேலே மூன்று செங்கல், மஞ்சள் குங்குமம்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"படிச்சவரே தெரியலன்னுட்டாரு. இனிமே யாரப் போயி கேக்கறது? நாந்தான் சொல்லணும்."

"தோண்டினாங்கன்னா?"

"இன்னொரு பிடி எடுத்துக்கினு போவேன். நீ போயி முடி எடுக்கறவரக் கூட்டியா."

தம்பி மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தான். பதில் கிடைக்காமல் தோற்றுப்போய்த்தான் அம்மா மண்ணை இறக்கிவிட்டாள் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

அந்தப் பேராசிரியர் எந்த ஊர், அது எந்த வருஷம் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அம்மா கேட்டதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது அவள் கேட்டபடியேதான் இருக்கிறது.