வாலில் ஒரு இறகு குறைந்த வல்லூறு

காலையில் என்னை எழுப்பியது அலாரம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் புறாக்கள் நடக்கும் சத்தம்... டக், டக், டக்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் நிருபராகச் சேர்ந்த புதிது. மொட்டை மாடியில் எனக்கு ஒற்றை அறை. அதை ஒட்டி ஹமீத் பாயின் புறாக் கூண்டு. பாய் முதல் மாடியில் இருந்தார். தோல் கம்பெனியில் செலக்டர். தோலைத் தடவிப் பார்த்து ஏ கிரேடா, பி கிரேடா, ரிஜெக்டா என்று பிரிப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. என் சட்டைக்கும் கிரேடு உண்டு, கீழ்வீட்டுக் குழம்புக்கும் கிரேடு உண்டு.

கீழ்வீட்டில் ஸ்டெல்லா சிஸ்டர், ஆஸ்பத்திரி நர்ஸ். அவருடைய பூனை ரோஸி. சாக்கடை ஓரம் கண் திறக்காமல் கிடந்த குட்டியை இங்க் ஃபில்லரில் பால் ஊட்டி வளர்த்திருந்தார்.

அந்த வருடம் பாயின் புறாக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பறக்கப் பழக வெளியே விட்டால், கூண்டை மூடும்போது ஒன்று குறையும்.

"சிஸ்டர், உங்க பூனை வேலதான் இது. ஞாயித்துக்கிழம கோணியில போட்டு ஆலங்காயம் காட்ல வுட்டுட்டு வந்துடுவேன்."

"கருவாட ஊற வெச்சிக் குடுத்தாதான் பாய் அது துன்னும். புறாவ எங்க புடிக்கப் போவுது?"

"அதான், எங்க வூட்டு புறா சாஃப்டா இருக்குன்னு மேல வருது."

பேச்சு கேலியாக இருந்தாலும், பாய் கோணியைக் கொண்டுவந்து படிக்கட்டுக் கம்பியில் மாட்டிவிட்டார். சிஸ்டருக்கு டியூட்டிக்குப் போகவே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கொடியில் காயப்போட்ட துண்டை எடுக்கப் போனேன். கூண்டின் கம்பி வலையில் ஒரு இறகு சிக்கியிருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. சாம்பல் பழுப்பு, குறுக்கே கருங்கோடுகள். பாயிடம் அப்படி ஒரு புறா கிடையாது.

பாய் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"பொட்டக் குயிலு இறகு தம்பி. அதுக்குத்தான் இப்டி கோடு இருக்கும். காத்துல வந்து மாட்டிக்கிச்சி. சாட்சி ரிஜெக்ட்."

"குயில் இல்லன்னா?"

"தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லட்டும். பூனைய பாஸ் பண்ணிடறேன்."

மறுநாள் இறகைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கல்லூரியில் ஹெலன் மேடம் விலங்கியல் விரிவுரையாளர். இறகைப் பார்த்ததும் ஒரு கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே பாடம் செய்த பறவைகள். பெண் குயிலின் வாலில், கரும்பழுப்பின் மேல் வெள்ளைக் கோடுகள். பக்கத்தில் வல்லூறு, அதற்கு வெளிர் நிறத்தின் மேல் கருங்கோடுகள். அதன் வாலில் ஒரு இறகு இல்லை. மேடம் என் இறகை அந்த இடைவெளியில் வைத்தார். கோட்டுக்குக் கோடு சேர்ந்தது.

"வல்லூறுதான். ஆளு சின்னது, ஆனா குஞ்ச தூக்கிடும். இத இங்கயே குடுத்துட்டுப் போறீங்களா? எங்களுக்கு ஒண்ணு கொறையுது."

"நாளைக்கு ஒரு கேஸ் இருக்கு மேடம். முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துடறேன்."

"யாரு மேல கேஸு?"

"ஒரு பூனை மேல."

ஞாயிறு காலை, கையில் கோணியோடு நின்ற பாயிடம் இறகைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை அவர் தடவவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம்...

"சே. நான் பிரிண்ட பார்த்தேன், பேஸ் கலர பாக்கல. பேஸ் வெளுப்பு, பிரிண்ட்தான் கருப்பு." பிறகு கீழே குரல் கொடுத்தார். "சிஸ்டர், பூனை பாஸ். ஏ கிரேடு."

கோணி கூண்டின் மேல் மறைப்பானது. அடுத்த நாளே ரோஸி அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பாய் அதை நகர்த்தாமலே புறாக்களுக்கு இரை போட்டார்.

இறகை மேடத்திடம் சேர்த்தேன். பசை வைத்து ஒட்டினார். மங்கிய வாலில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது.

இப்போது கீழே கிடக்கும் இறகைப் போனில் படம் எடுத்தால் போதும், பறவையின் பெயர் வந்துவிடுகிறது. பஸ் ஏற வேண்டாம், யாரையும் தேட வேண்டாம். நல்ல வசதிதான்.

போன மாதம் வேறு வேலையாக அந்தக் கல்லூரிக்குப் போனேன். வல்லூறு அதே அலமாரியில் இருந்தது. வால் முழுக்க ஒரே மாதிரி மங்கிப்போயிருந்தது. எது எங்கள் இறகு என்று எனக்குத் தெரியவில்லை. இதற்குப் போனிடம் பதில் இல்லை. படம் எடுத்து, எது நம் இறகு என்று கேட்டு ஹமீத் பாய்க்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் புறாச் சத்தம்.

"லெஃப்ட்லேர்ந்து மூணாவது தம்பி. பேஸ் கலர பாரு."