கேட்காத வாடகை

என் மனைவியைத் தெருவில் எல்லோரும் 'ரூம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் கராஜை ஒரு அறையாக்கி, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதால் வந்த பேர் அது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் கார் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது இரட்டைக் கட்டிலும் வெந்நீர்க் குழாயும் இருக்கின்றன. கார் தெருவில் நின்று பறவை எச்சம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லிக் காண்பித்தால், "உங்க கார் சம்பாதிக்கிறதைவிட அது நின்ன இடம் நல்லா சம்பாதிக்குது" என்பாள். உண்மைதான். கண்ணில் புரை விழுந்த பிறகு நான் மாலையில் வண்டி எடுப்பதில்லை. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அந்த அறைதான் பார்த்துக்கொள்கிறது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்த்தவள். முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும் பார்த்தாள். அந்த வேலையை விட்டாலும் வேலை அவளை விடவில்லை. ஆள் காலி செய்த படுக்கையை அரை மணி நேரம் அப்படியே கிடக்க விடமாட்டாள். விரிப்பை உருவுவதற்கு முன் தலையணையைத் தூக்கிப் பார்ப்பாள். ஓட்டலில் தங்குகிறவர்கள், சுத்தம் செய்ய வருகிறவளுக்கு என்று ஒன்றிரண்டு நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்களாம். முகம் பார்க்காமல் கொடுக்கிற காசு. "அதுல ஒரு சௌகரியம், நன்றின்னு சொல்ல வேண்டியதில்ல" என்பாள்.

அறையை விட ஆரம்பித்த பிறகுதான் வரி என்கிற சங்கதி எங்கள் வீட்டுக்குள் வந்தது. தங்குகிறவர் வாடகையோடு இரண்டு வரி கட்டுகிறார். ஒன்று விற்பனை வரி. அதை முன்பதிவு செய்கிற ஆப்காரனே பிடித்துக்கொண்டு அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவான். இன்னொன்று நகராட்சிக்குப் போகிற தங்கும் வரி. அதையும் அவனே வசூலிக்கிறான், ஆனால் வாடகையோடு சேர்த்து நம் கையில் கொடுத்துவிடுகிறான். நாம்தான் மாதாமாதம் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம், எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, நகராட்சிக் கவுன்டரில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கே அறைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, நகராட்சியிலும் பதிந்துவைத்தாள்; அதன் வரவு விவரம் அவர்களுக்கும் போகும். அதில் வருகிற பணத்தில் வரிக்கான பங்குக்கு அவள் வைத்த பேர் 'ஊரான் காசு'.

ஒருமுறை என் காருக்குக் கிளட்ச் போய்விட்டது. ஒரு வாரத்தில் திருப்பிப் போட்டுவிடலாம், ஊரான் காசிலிருந்து கொஞ்சம் எடு என்றேன். என்னைப் பார்த்தாள் பாருங்கள், பிக்பாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி.

"வந்தவங்க நம்மகிட்ட கொடுத்தனுப்பற காசுங்க அது. நாம நடுவுல நிக்கிற ஆளு. நடுவுல நிக்கிறவன் அதுல கை வைக்கலாமா?"

கிளட்சுக்கு மோதிரத்தை அடகு வைத்தேன். இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணனிடமிருந்து வந்தது.

மச்சான், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அப்பா போனபோது என் மனைவிக்குப் பள்ளிக்கூட வயது. அவளைப் படிக்க வைத்ததும், வேலைக்கு அனுப்பியதும், எனக்குக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளத் தெரியாது. காலையில் நாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் நமக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். அதுவரைக்கும் முள்மேல் நிற்பது போல நிற்பார். கல்யாணத்துக்கு வந்த மொய்யைக்கூட யார் யார் எவ்வளவு என்று நினைவில் வைத்திருந்து, அந்தந்த வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்து முடித்தார்.

போன வருஷம் ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. குடியிருப்பதோ லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. என் மனைவி ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. ஆப்பில் முன்பதிவை நிறுத்தினாள், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேரே கராஜ் அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். தரையோடு தரையான அறை, ஒரு படிகூட ஏற வேண்டாம். மூன்று மாதம் அங்கேதான் இருந்தார்.

வந்த முதல் சனிக்கிழமை அவள் விரிப்பை மாற்றப் போனவள், கையில் நோட்டுகளோடு சமையலறைக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"தலையணைக்கு அடியில இருந்துச்சுங்க. எங்கண்ணன் எனக்கு டிப்ஸ் வச்சிருக்காரு."

"டிப்ஸா இருக்காது. வாடகைன்னு நெனச்சு வச்சிருப்பாரு" என்றேன்.

"அது மட்டும் என்ன, தேனா?"

பணத்தைக் கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் வைத்தாள். அடுத்த வாரம் அது எங்கள் சர்க்கரை டப்பாவில் இருந்தது. அவள் அவருடைய மாத்திரை டப்பாவில் வைத்தாள். அப்புறம் என் ஷூவுக்குள் வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பே வரவில்லை. பிறகு ஒரு நாள் அது நின்றுபோனது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

மச்சானா தோற்கிற ஆள்? அறைக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கூடுதல் நாள் தங்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று அதில் இருக்கும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கைத்தடியோடு தினம் கிளம்புகிறவர், தெருமுனை வங்கிக்கு நடந்துபோய், மாதம் ஒரு தொகையை அந்தக் கணக்கில் கட்டியிருக்கிறார். சலானில் எதற்கு என்று கேட்கிற இடத்தில் 'அறை வாடகை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஆள் வராத மாதங்களில் அந்தக் கணக்கை அவள் திறந்து பார்ப்பதில்லை. நகராட்சிக்குக் கணக்கும் காட்டவில்லை. "ஆளே வரல, என்னத்தக் காட்டறது?" என்று விட்டுவிட்டாள்.

அவர் கிளம்புகிற அன்று தலையணைக்கு அடியில் மறுபடியும் காசு இருந்தது. வாசலில் டாக்ஸி நிற்கிறது. இவள் நோட்டை நீட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"நான் உனக்குத் தங்கச்சியா, ரூம் கிளீன் பண்றவளா? ஒண்ணச் சொல்லிட்டுப் போ."

"கடன்பட்டு எனக்குப் பழக்கமில்லம்மா."

"அப்போ அப்பா போனதுலேர்ந்து நீ எனக்குச் செஞ்சதெல்லாம் என்ன? அதுவும் கடன்தானே? எவ்வளவுன்னு சொல்லு, கட்டிடறேன்."

மச்சான் வண்டியில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு போனும் இல்லை, பேச்சும் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. யார் முதலில் இறங்கிவருவது?

நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான். மூன்று மாதம் கணக்குத் தாக்கல் இல்லை, ஆனால் அறைக் கணக்கில் வாடகை வந்திருக்கிறது. வருமானத்தை மறைத்ததற்காக உங்கள் அனுமதியை ஏன் ரத்து செய்யக்கூடாது, நேரில் வந்து சொல்லவும் என்று இருந்தது. வீடுகளெல்லாம் லாட்ஜாக மாறுகின்றன என்று புகார் போய், எங்கள் தெருவில் புது அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இருப்பது போனால் போனதுதான். அறையும் போய், என் கண்ணும் இப்படி இருந்தால், பிறகு என்ன செய்வது?

அவள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். மூன்று மாதத்துக்கு மூன்று வரவு, மூன்றிலும் 'அறை வாடகை'. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரான் காசை ஒரு பைசா தொட்டதில்லையேங்க நான். என்னைப் போய் மறைச்சவள்னு எழுதிட்டாங்களே. எங்கண்ணனே என் சோத்துல மண்ணைப் போட்டுட்டாரே."

அண்ணனைக் கூப்பிட்டுச் சொல் என்றேன். மாட்டேன் என்றாள். நானே போன் செய்தேன்.

"தங்கினேன், கொடுத்தேன். இதுல தப்பு என்ன மாப்ள?" என்றார். விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னேன்.

"என்னிக்கு வரணும்?" என்றார்.

நகராட்சியில் எங்களை விசாரித்தது ஒரு பெண் அதிகாரி. ஜலதோஷம் போல, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கத்தவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. என் மனைவி ஒரு ஓரத்து நாற்காலியில், மச்சான் இன்னொரு ஓரத்தில், நடுவில் நான்.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு" என்றார் அதிகாரி. "ஆள் வராத மாசமும் ஒண்ணுமில்லன்னு கணக்குக் கொடுக்கணும். கொடுக்கல. அதுக்கு அபராதம், கட்டினா முடிஞ்சது. ஆனா இந்த மூணு தொகை இருக்கே, இது வாடகைன்னா நீங்க மறைச்சதா ஆகும். அதுக்கு அனுமதியை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல." மச்சான் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. இது என்ன பணம்?"

"வாடகைதான்" என்றார் மச்சான். "நான் யார் வீட்லயும் ஓசியில தங்கறவன் இல்ல."

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இங்கே இல்லை.

"எவ்வளவுன்னு யார் முடிவு பண்ணினது?"

"நான்தான். கதவுல போட்டிருந்துச்சு."

"இவங்க கேட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க கட்டினது இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வாங்க மாட்டா. அதனாலதான் பேங்க்ல போட்டேன்."

அதிகாரி கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்த மாதிரி இருந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"வாடகைன்னா ஒருத்தர் கேட்கணும், ஒருத்தர் ஒத்துக்கணும். இங்க கேட்டவங்களே இல்ல. இவங்க இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நீங்க அதை வாங்கிக்கிட்டு, தங்கச்சி வீட்ல காசு கொடுக்காமத் தங்கினேன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா அபராதத்தோட முடிச்சுடறேன். வாங்கிக்க மாட்டேன்னு சொன்னீங்கன்னா இது வாடகைதான்."

மச்சான் கைத்தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது மனிதர். காது மடல் சிவந்துவிட்டது. கெஞ்சலாமா, அதட்டலாமா என்று நான் யோசிப்பதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள்.

"வேணாம் மேடம். வாடகைன்னே இருக்கட்டும். லைசென்ஸ் போனா போகட்டும். அவரை அப்படி எழுத வைக்காதீங்க."

எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த லைசென்ஸில். அடி பைத்தியமே என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன். அண்ணன் தலைகுனிவதை அவளால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"நீ சும்மா உட்காரு" என்றார் மச்சான். மாதக் கணக்கில் பேசாதவர் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது. "பேனா கொடுங்கம்மா."

மெதுவாக எழுதினார். எழுதியதை அதிகாரி சத்தமாக வாசித்தார். "இது என் தங்கையின் வீடு. எனக்கு உடம்பு முடியாதபோது என்னை வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் காசு எதுவும் கொடுக்காமல்தான் தங்கினேன்."

என் மனைவி போனை எடுத்து அங்கேயே பணத்தைத் திருப்பி அனுப்பினாள். மச்சானுடைய பட்டன் போன் சட்டைப் பைக்குள் ஒரு முறை கத்தியது. எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வந்துடுச்சு" என்றார்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். படியில் நின்று, "எவ்வளவு கட்டின?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் சட்டைப் பைக்குள் கையை விட்டார். என் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கிளட்சுக்கு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. கை வெறுமையாக வெளியே வந்தது.

மச்சானை வீட்டுக்கு அழைத்துவந்தோம். கராஜ் அறையில் அன்று ஒரு தம்பதி தங்கியிருந்தார்கள். அதனால் மச்சானுக்கு எங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்தோம். காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் காரில் கொண்டுபோய் விட்டேன். திரும்பிவந்து பார்த்தால், மனைவி படுக்கையறையில் விரிப்பை மாற்றப் போனவள் கையில் தலையணையோடு நின்றுகொண்டிருக்கிறாள். கட்டிலில் இன்னொரு தலையணையும் புரண்டு கிடந்தது. மெத்தையின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்திருக்கிறாள். சமையலறையில் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. என் ஷூவைக்கூடக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"என்ன, மறுபடியுமா?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"இல்லைங்க" என்றாள். "எங்கண்ணன் ஒண்ணுமே வைக்கல."