"அனுப்பியாயிற்று" என்று சொன்ன வரி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. லில்லெஸ்ட்ரோமிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது, முதியோர் பராமரிப்புச் சேவையிடமிருந்து ஒரு புகார் என் மொபைலுக்கு வந்தது.

நான் வேலை செய்வது ஒஸ்லோவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். தனியாக வாழும் முதியவர்கள் கையிலுள்ள அவசர பட்டனை அழுத்தினால், பணியிலிருக்கும் தாதியரின் போன்கள் எல்லாம் ஒலிக்க வேண்டும் — அதுதான் எங்கள் மென்பொருள். ஒரு மூதாட்டி குளியலறையில் விழுந்து பட்டனை அழுத்தியிருக்கிறார். இருபது நிமிடம் யாரும் வரவில்லை. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

ஆனால் புகார் எங்கள் மீதல்ல. வசந்தி என்ற தாதியின் மீது! அலாரத்தைக் கவனிக்கவில்லையாம். ஆதாரம்? எங்கள் சர்வர் பதிவு. "எல்லோருக்கும் அனுப்பியாயிற்று" என்றது அது.

பெயரைப் பார்த்ததும் அவருக்குப் போன் எடுத்துத் தமிழிலேயே கதைத்தேன். ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் இருக்கிறாராம். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நான் அப்பதான் வேலைக்கு வந்தனான், தங்கச்சி. போன் கையிலதான் இருந்தது. ஒண்டும் வரேல்லை. ஆனா ஆர் நம்பீனம்?"

அப்பதான் வேலைக்கு வந்தனான்... அந்த வார்த்தை என்னை விடவில்லை.

சர்வரை அவ்வப்போது மறுதொடக்கம் செய்தால் போதும் என்றார் மேலாளர். முடியாது என்றேன். இரண்டு வாரம் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்தார்.

எங்கள் நிரலில் ஒரு பட்டியல் உண்டு. "அலாரம் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று பதிந்துகொண்ட போன்களின் பட்டியல். இவற்றை லிஸனர் என்போம். அந்தக் கூப்பிடுதல்தான் கால்பேக். பட்டன் அழுத்தப்பட்டதும் சர்வர், வேறு யாரும் மாற்றாதபடி பட்டியலைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடும். ஒவ்வொரு போனின் பதிவுக்கும் அப்படி ஒரு பூட்டு உண்டு. அதே கணத்தில் ஒரு தாதி வேலை முடிந்து வெளியேறினால்?

ஷிஃப்ட் மாற்றமும் அலாரமும் மோதும்படி ஒரு சோதனை எழுதி, ஆயிரக்கணக்கான தடவை ஓடவிட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. புதன் மத்தியானம் திரை அப்படியே உறைந்து நின்றது. பிழை அகப்பட்டதில் எனக்கோ ஒரே சந்தோஷம்!

வெளியேறும் போன் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு, பட்டியலின் பூட்டுக்காகக் காத்திருந்தது. சர்வரோ பட்டியலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் போனின் பூட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டும் அசையவில்லை. மற்றவர்கள் வேலை முடிந்து கிளம்பிய அந்த நேரத்தில் பணியில் இருந்தவர் வசந்தி மட்டுமே; அப்போதுதான் வந்து பட்டியலின் கடைசியில் சேர்ந்த அவரை யாருமே கூப்பிடவில்லை.

அப்படியானால் "அனுப்பியாயிற்று"? கூப்பிடத் தொடங்கும் முன்பே அந்த வரி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த வரியை எழுதியது யார் என்று தேடிப் பார்த்தேன். நான்தான்.



பிறகு திருத்தினேன். பட்டியலைப் பூட்டு, ஒரு பிரதி எடு, பூட்டைத் திற, அதன்பின் பிரதியைப் பார்த்துக் கூப்பிடு. கையில் பூட்டை வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிடாதே. முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்து மேசைக்காரர் சுரேஷ், கோயம்புத்தூர்க்காரர், எட்டிப் பார்த்தார்.

"லிஸ்ட்டைக் காப்பி எடுத்தப்புறம் ஒருத்தர் கிளம்பிட்டா? வீட்டுக்குப் போனவங்களுக்கு அலாரம் போகும். நாம ஒருத்தருக்குச் சொல்லியாச்சுன்னு நினைச்சுக்குவோம்."

சரியான கேள்வி. எரிச்சலாகத்தான் இருந்தது. போனவரின் போன் "நான் பணியில் இல்லை" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பணியிலுள்ள ஒருவராவது "கிடைத்தது" என்று சொன்ன பிறகே பதிவில் எழுத வேண்டும் — இப்படி இருவருமாக மாற்றினோம். வெள்ளி முழுக்கச் சோதனை ஓடியது. ஒருதடவைகூட உறையவில்லை.

என் பிழையை விளக்கி, பராமரிப்புச் சேவைக்கு என் பெயரிலேயே கடிதம் எழுதினேன். நிறுவனத்தின் பெயரில் போகட்டுமே என்றார் மேலாளர். அதற்கும் முடியாது என்றேன். அடுத்த வாரமே வசந்தி மீதான புகார் திரும்பப் பெறப்பட்டது.

வசந்தியே போன் எடுத்தார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. "இனி அலாரம் வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அக்கா, வரும்" என்றேன்.

ஒருவர் தனக்கு வரவில்லை என்று சொன்னால், முதலில் அவரை நம்புங்கள்... இயந்திரத்தைப் பிறகு விசாரிக்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது!