பட்டியலில் இருந்த உப்பு

மலையாளத்தின் துலாம் மாதத்தில், தமிழில் ஐப்பசி, மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலை வெயிலை நம்பி நாங்கள் மூன்று பேர் ஆண்டுக்கொரு நாள் வெளியே கிளம்புவோம். டிப்ளமோ படித்தபோது தொடங்கிய பழக்கம். ஒரு வருடம் அன்னாசித் தோட்டம், ஒரு வருடம் ஆர்க்கிட் வளர்க்கும் வீடு. கடைசியாகப் போனது வைப்பின் தீவில் ஒரு நெல் வயலுக்கு.

வயல் எங்களில் ஒருத்தியின் அப்பாவுடையது. அவள் மலையாளி, எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள். இன்னொருத்தி மட்டாஞ்சேரியில் எனக்குப் பக்கத்துத் தெரு, வாய் மூடாதவள்.

பட்டியல் போடுவது என் வேலை. தீவுக்குப் போகும் எட்டு மணி ஜங்கார் படகு, குடை மூன்று, வயல், சாப்பாடு, வைப்பின்காரியின் அத்தை வீட்டுத் தாமரைத் தோட்டம், ஐந்து மணிக்குத் திரும்புதல். ‘அறுவடை’ என்று முதலில் எழுதியிருந்ததை ‘வயல்’ என்று மாற்றியிருந்தேன். அறுக்க ஒன்றும் இல்லை என்று ஓணத்தின்போதே தெரிந்துவிட்டது. பட்டியலில் எழுதாத ஒன்றும் இருந்தது. விளைச்சல் போனது என் தவறு என்று அவள் அப்பாவிடம் சொல்வது.

அந்த வயலில் மழைக்காலத்தில் நெல், மற்ற மாதங்களில் காயல் தண்ணீரை உள்ளே விட்டு இறால். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆண்டு முழுக்க இறாலுக்குப் போய்விட்டார்கள். இவருக்காக இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் மதகை மூடி வைக்கச் சம்மதித்திருந்தார்கள். விளைந்தால் அடுத்த ஆண்டும் பேசலாம். இல்லையென்றால் மதகு திறந்தே இருக்கும், உப்பு மண்ணை விட்டுப் போகாது, நெல் அத்தோடு முடிந்தது.

ஜூன் மாதம் விதைப்புக்கு முன்னால் நான் அங்கே போயிருந்தேன். மண்ணைச் சின்னச் சின்ன மேடுகளாகக் குவித்திருந்தார்கள். மழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவிய பிறகுதான் விதைக்க வேண்டும். அவள் அப்பா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார்.

“பிரஷர் மாத்திரை தின்னு அப்பாவுக்கு நாக்கே செத்துப்போச்சு. இவ லேபுல வேலை செய்யறவ. இவ நோக்கட்டும்” என்றாள் வைப்பின்காரி.

நான் எர்ணாகுளத்தில் குடிநீர் சோதிக்கும் ஆய்வகத்தில் டெக்னீஷியன். உப்பு காட்டும் சின்ன மீட்டர் பையிலேயே இருக்கும். மேடுகளைச் சுற்றி நின்ற தண்ணீரில் முக்கினேன். மழைத் தண்ணீர், எண் சின்னதாக வந்தது. மண்ணைச் சோதிக்க வேறு முறை உண்டு. காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, தெளிந்த பிறகு பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்கு நேரமானது. அன்றைய பட்டியலில் ‘உப்பு பார்க்க’ என்று இருந்தது. எதன் உப்பு என்று எழுதவில்லை. டிக் போட்டுவிட்டு, “ஓகே அங்கிள், விதைக்கலாம்” என்றேன்.

மறுநாள் சேர்த்து வைத்திருந்த விதை முழுவதையும் விதைத்தார். அதன்பின் பத்து நாள் மழையே இல்லை. மண்ணில் தங்கியிருந்த உப்பு மேலேறி, முளைகள் நுனி கருகி மஞ்சளாகிப் படுத்தன. தப்பியவற்றில் பெரும்பகுதியை நீலக்கோழி என்ற நீர்ப்பறவைகள் தின்றன.

நாங்கள் போனபோது வரப்பில் நின்று பார்த்தோம். தண்ணீரும் களையும்தான். ஒரு மூலையில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நெல் நின்றது.

“போட்டோ எடுக்க இது போதும், பின்னாடி வயலே தெரியாம எடுத்துடலாம்” என்றாள் பக்கத்துத் தெருக்காரி. யாரும் சிரிக்கவில்லை. “சரி, நான் வாய மூடிக்கறேன்” என்றாள்.

வைப்பின்காரி சாயா எடுத்துவர வீட்டுக்குப் போனாள். அவள் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்த மூலையில் இருந்த கதிர்களை மட்டும் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கரையேறியதும் சொல்லிவிட்டேன். நான் தண்ணீரைத்தான் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்று.

அவர் பேசியது மலையாளம். என் மனதில் அது தமிழாகத்தான் நிற்கிறது.

“தெரியும் மோளே. நீ தண்ணியில முக்கறப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்.”

“அப்புறம் ஏன் அங்கிள் விதைச்சீங்க?”

“என் நாக்கு வேண்டாம்னுச்சு. என் மக என்னன்னா, படிச்ச பொண்ணக் கூட்டிட்டு வந்து நிக்கறா. யாராவது சரின்னு சொல்ல மாட்டாங்களான்னு எனக்கும் இருந்துச்சு.”

மன்னிப்பதுபோலவும் இல்லை, குற்றம் சொல்வதுபோலவும் இல்லை. கதிர்களின் தாளில் ஒட்டியிருந்த சேற்றை அலசினார். சாயா வந்தது. குடித்தோம்.

பதினொரு மணிக்குக் கடல் ஓதம் ஏறியது. இறால்காரர்கள் இரண்டு பேர் மதகின் பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். காயல் தண்ணீர் உள்ளே வந்தது, சத்தம் பெரிதாக இல்லை. களை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அளந்து பாக்கறியா?” என்று வைப்பின்காரி கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் அப்பா முந்திக்கொண்டு, “வா, சோறு ஆறிடும்” என்றார்.

மதியம் தாமரைத் தோட்டத்துக்கும் போனோம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டிகள், அறுபதுக்கு மேல். ஒவ்வொரு தாமரையின் வகையையும் அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இப்போது அந்தக் குறிப்பைத் திறந்தால் ஒரு பூவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கிளம்பும்போது வைப்பின்காரியின் அப்பா அந்தக் கதிர்களை ஒரு பிடியாகக் கட்டி என்னிடம் தந்தார்.

“இத விதைக்கு வைங்க அங்கிள்” என்றேன்.

“எங்க விதைக்க?” என்றார். “வாசல்ல கட்டு. பார்க்க நல்லாருக்கும்.”

ஜங்காரில் மழை வந்தது. கதிர்களைக் குடைக்குள் பிடித்துக்கொண்டேன். பக்கத்துத் தெருக்காரி, “அடுத்த வருஷம் எங்கடி?” என்று கேட்டாள். கைபேசியில் ஒரு புதிய பக்கம் திறந்தேன். ஒன்று என்று எண் போட்டதோடு சரி.

அம்மா அந்தக் கதிர்களை வாசல் நிலைக்கு மேலே கட்டினார். ஒரு வாரத்தில் குருவிகள் வந்து மணிகளைத் தின்றுவிட்டன. வைக்கோல் இன்னும் தொங்குகிறது. வைப்பின்காரியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று தான் அன்று சொன்னதுதான் தப்பு என்று அவள் நினைத்து நினைத்துப் பேசுகிறாள்.