பாய்லரில் உப்புப் பூத்த வருஷம்

என்னை இஞ்சினியர் என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். நான் எந்தக் கல்லூரிப் படியும் ஏறியவன் இல்லை. பினாங்கில் ஓர் அரிசி ஆலையின் நீராவி இஞ்சினைப் பார்த்துக்கொள்ள அத்தாட்சிப் பத்திரம் வாங்கியவன், அவ்வளவுதான். ஆலையில் இருந்த நாற்பது பேரும் மரியாதைக்காக அப்படிக் கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை, உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்புதான் என்னைக் குட்டிச்சுவராக்கியது.

எனக்குப் புத்தகப் பைத்தியமும் உண்டு. சூலியா தெருவில் ஒரு நானா, தமிழ் முஸ்லிம் பெரியவர், பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும் தோட்டத்துத் துரைமார்களும் கப்பல் அதிகாரிகளும் கழித்துப் போட்ட புத்தகங்கள் அங்கே மூட்டையாக வந்து விழும். கதைப் புத்தகங்களைத் தொடமாட்டேன். சரித்திரமும் விஞ்ஞானமும்தான். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் படித்து, பாலம் எப்படி விழுந்தது, அணை எப்படி உடைந்தது, எந்த அரசன் யாரை நம்பிக் கெட்டான் என்றெல்லாம் தெரிந்து வைத்திருந்தேன். ஊரார் தப்பையெல்லாம் படிக்கிறவனுக்குத் தன் தப்பு தெரிந்துவிடும் என்று ஓர் எண்ணம்.

ஆலை ஜெலுத்தோங் கடலோரத்தில் இருந்தது. அங்கே கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதைக் காய்ச்சக் காய்ச்சப் பாய்லரின் உட்புறம் ஓடு கட்டும். ஓடு தடித்தால் இரும்பு அளவுக்கு மீறிச் சுட்டுக் கெட்டுப்போகும். நானா கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம், துணி வெளுக்கும் சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால் ஓடு கட்டாது என்றது. செய்து பார்த்தேன். அடுத்த முறை பாய்லரைத் திறந்தபோது உள்ளே கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் சொன்னதற்கு ஒன்றரை மடங்கு போட ஆரம்பித்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இஞ்சினியருக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் அவனைக் கப்பலில் வரவழைத்து, ஆலையில் சேர்த்துவிட்டேன். பாய்லருக்கு உமிதான் எரிபொருள். நாள் முழுதும் அடுப்பு வாயில் உமி தள்ளும் வேலை அவனுக்கு. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலேயே தங்கி, என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருவான். அவன் நிற்கும் இடத்திலிருந்து கையை நீட்டினால் பாய்லரின் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் மூட்டு. ரிவிட்டு என்கிற தலை பருத்த இரும்பாணிகள் அடித்த வரிசை அது.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை அவன் என்னிடம் ஓடிவந்தான். அந்த மூட்டில், நாலைந்து ரிவிட்டுத் தலைகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டால் மாவாக விரலில் ஒட்டியது. அதற்கு நேர் மேலே சுவரில் மாரியம்மன் படம் ஒன்று வெகு காலமாகத் தொங்குகிறது. பிறகு கேட்க வேண்டுமா? ஆத்தா திருநீறு கொடுக்கிறாள் என்று அரை மணி நேரத்தில் ஆலை முழுக்கப் பேச்சு. மூட்டை தூக்குகிறவர்கள், நெல் அவிக்கிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று பூசிக்கொண்டார்கள்.

நான் சிரித்தேன். அது உப்பு என்று எனக்குத் தெரியும். பாய்லர் நீர் மயிரிழை அளவு கசிந்து, காய்ந்து, அதிலிருந்த உப்பு வெளியே பூத்திருக்கிறது. பழைய பாய்லரில் இதெல்லாம் சகஜம், அடுத்த முறை நிறுத்தும்போது மூட்டைத் தட்டி இறுக்கிவிடலாம் என்று விட்டுவிட்டேன். அதைச் சுரண்டிப் போட எனக்கு மனமும் இல்லை. ஏனென்றால் அன்று முதல் ஆட்கள் பாய்லரைக் கோயில் மாதிரி பார்த்துக்கொண்டார்கள். யாரும் பக்கத்தில் வெற்றிலை துப்பவில்லை. என் மனைவி அதை ஒரு தகரச் சிமிழில் வைத்துத் தினமும் என் நெற்றியில் இட்டாள். நெற்றி அரித்தது, சிலருக்குத் தோல் சிவந்து புண்ணானது. ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள் என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள். சோடா தோலைத் தின்கிறது என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைப்பு. வேலை போன தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துரைமார்களிலும் பலர் மூட்டை கட்டினார்கள். அதனால் நானா கடையில் புத்தகம் குவிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் குவியலில் நீராவி பற்றிய புதிய புத்தகம் ஒன்றை எடுத்து, கடை முக்காலியில் உட்கார்ந்தே புரட்டினேன்.

சோடா அதிகம் கலந்த நீர் தகட்டு மூட்டுக்குள் கசிந்தால், நீர் ஆவியாகிவிடும், சோடா உள்ளேயே தங்கிக் காரம் ஏறிக்கொண்டே போகும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காரம் இரும்பின் உறுதியைக் கெடுத்துவிடுமாம். வளைய வேண்டிய இரும்பு உடையுமாம். ரிவிட்டுத் துளைக்குத் துளை வெடிப்பு ஓடினாலும் வெளியே தெரியாதாம். வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றே ஒன்று, ரிவிட்டுகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூப்பது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் நெற்றியில் அப்போதும் அந்த உப்பு இருந்தது.

பழைய புத்தகத்தை எழுதியவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவரும் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவ்வளவுதான் தெரியும். விஞ்ஞானம் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பெருமையாக எழுதுகிறார்கள். திருத்திக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? அது திருத்திக்கொள்கிற வரைக்கும் பாய்லர் முன்னால் நின்று உமி தள்ளுகிறவன் என்ன செய்வான்? இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

மறுநாள் காலை மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாப்ளே, அது திருநீறு இல்லடா. பாய்லரு கசியுது. உள்ள வெடிப்பு இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்கா இல்லையா மச்சான்?"

"பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"பிரிச்சா கிலாங் நிக்கும். கிலாங் நின்னா நம்மளையும் கப்பல் ஏத்திருவான்லா."

ஆலையைக் கிலாங் என்றுதான் எல்லாரும் சொல்வது. அவன் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. நெல் மூட்டை அடுக்கும் இடத்துக்காவது மாறிக்கொள் என்று கெஞ்சினேன். ஆத்தாவுக்கு விளக்கு வைப்பதே அவன்தான், அவன் எப்படிப் போவான்? மறுத்துவிட்டான். சோடா போட்டது நான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆலை முதலாளி தவுக்கே நல்ல மனிதர். சீனர், எங்களோடு பேச்செல்லாம் மலாயில். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பிலா பெச்சா?" என்றார். எப்போது வெடிக்கும்? தெரியாது என்றேன். இந்த மாதமா? தெரியாது. அடுத்த வருஷமா? தெரியாது. வெடிக்கவே வெடிக்காமலும் போகலாமா? போகலாம். அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். அரசாங்கப் பரிசோதகர் வருவதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலையே பரிசோதகருக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வருவதற்குள் ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளைப் போல் என் எதிரிக்கும் வரக்கூடாது. அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினேன். ஆலை மெதுவாக ஓடுகிறது என்று திட்டு வாங்கினேன். பாய்லர் சாதாரணமாக முனகினாலும் ஓடிப்போய் அழுத்தமானியைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் எண்ணிப் பார்ப்பேன், நாற்பது பேரும் இருக்கிறார்களா என்று. காலையில் என் மனைவி தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பாவி, நீயே அவனைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் அந்த மூட்டுக்கு முன்னால் நிறுத்துகிறாயே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் கொண்டுபோனேன்.

பரிசோதகர் வந்தார், உப்பைப் பார்த்தார், நெருப்பை அணைக்கச் சொன்னார். மூட்டைப் பிரித்துச் சோதிக்கும்வரை நீராவி கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அரிசி விலை கிடந்த கிடப்பில் பாய்லரைப் பிரித்துக் கட்டத் தவுக்கேக்குத் தெம்பில்லை. ஆலையைப் பூட்டிவிட்டார். கடிதம் எழுதியது யார் என்று தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆத்தாவின் நெருப்பை அணைத்தவன் என்று எனக்குப் பெயர்.

நான் படித்த சரித்திரப் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை போனது அப்போதுதான். உடைந்த அணைக்கு அதில் இடம் உண்டு. வெடித்த பாய்லருக்கு நாள் கிழமை உண்டு, செத்தவர்கள் கணக்கு உண்டு, நீதிபதி கேட்ட கேள்விகூட உண்டு. வெடிப்பதற்கு முன்னால் ஒருவன் அணைத்துவிட்டானே, அந்தப் பாய்லருக்கு ஒரு வரி கிடையாது. எழுதத்தான் என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்காக நாற்பது குடும்பம் நடுத்தெருவில் நின்றது.

இரண்டு மாதம் நானும் மச்சினனும் வேலை தேடி அலைந்தோம். எனக்கு ஒரு பட்டறையில் அரைநாள் வேலை கிடைத்தது. அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. உட்கார்ந்து சாப்பிட ரோஷம் இடம் கொடுக்காமல், இலவசக் கப்பலுக்கு அவனே போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். துறைமுகத்தில் அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் அழுத அழுகையில் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். என்னிடம் வந்து, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மச்சான். ஆனா நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றான்.

நாலு மாதத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. மழையில்லை, வேலையில்லை, வாந்திபேதி வந்து மச்சினன் இரண்டே நாளில் போய்விட்டான். சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டோம். தலை முழுகிவிட்டு உட்கார்ந்த என் மனைவி அதற்குப் பிறகு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு குறை சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது.

எனக்கு அந்தப் பாய்லர் மூட்டைப் பார்த்தாக வேண்டும் என்று வெறி பிடித்தது. வெடிப்பு இருந்ததா, இல்லையா? இருந்தால் நான் அவனைக் காப்பாற்றித்தான் அனுப்பினேன். இல்லையென்றால், வெறும் உப்பைப் பார்த்துப் பயந்து அவனைச் சாகடித்தவன். பூட்டிய ஆலையின் வேலி ஓரம் எத்தனை நாள் நின்றிருப்பேன்! கடைசியில் தவுக்கே பாய்லரைப் பழைய இரும்புக்கு விற்றார். உடைக்க ஆட்கள் வந்த காலையில் நானும் உள்ளே போய் நின்றுகொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

மற்ற மூட்டுகளில் ஒரு ரிவிட்டுத் தலையை வெட்ட உளி வைத்துப் பத்து அடியாவது அடிக்க வேண்டியிருந்தது. உப்புப் பூத்த மூட்டில் முதல் அடியிலேயே தலை தெறித்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. தாளிக்கிற கடுகு மாதிரி ஒவ்வொன்றாகத் தெறித்தன. தகட்டைப் பிரித்தார்கள். துளைக்குத் துளை கறுப்பாக வெடிப்பு ஓடியிருந்தது. ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தகட்டின் மறுபுறமே தெரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பது பேரைக் கொல்லக்கூடிய வெடிப்பைக் கண்டு அப்படி ஒரு சந்தோஷம். அது என்றைக்கு வெடித்திருக்கும் என்பது அதைப் பார்த்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இருந்தது, இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைக்கிறவரிடம் கெஞ்சி, வெடிப்புள்ள ஒரு துண்டை வெட்டி வாங்கி, கோணியில் சுற்றிச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரும்பை அவள் முன்னால் தரையில் வைத்து, இதுதான் அந்த மூட்டு, இது வெடித்திருந்தால் அவன் உமி தள்ளிக்கொண்டு நின்ற இடத்திலேயே போயிருப்பான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கீரையை ஒதுக்கிவிட்டு அந்த வெடிப்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இங்கேயே போயிருப்பான்" என்றாள். "துண்டு துண்டாப் போயிருந்தாலும் நான் பொறுக்கி எடுத்து மடியில வச்சிருப்பேன்."

அவள் விரலை எடுக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இவ்வளவு கெட்டி இரும்பு எப்படிங்க கீறும்?"

பழைய இரும்பு, வயசாகிவிட்டால் அப்படித்தான் என்றேன். அவள் நம்பினாள்.